கரண்ட் இல்லாத ஸ்டால்

பட்டறை,
பிப்ரவரி 3

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால், அக்காவின் தலைவலி, மருமகளின் ஆடுகிற பல், இந்த மூன்றும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதுங்கள். எனக்கு எந்த வலியும் இல்லை. இருந்தாலும் தெரியாது, தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருக்கிறேன்.

செப்டம்பரில் சிறுதொழில் கண்காட்சி மறுபடியும் வருகிறது! அதே பெரிய ஹால், மூன்று நாள். அட்டையை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் பெட்டியாக வந்து விழும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அந்த மெஷினை இந்த முறை அங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறேன். பெயர்கூட வைத்துவிட்டேன், மடிப்பான். நம் வெல்டர் அண்ணன், "பேரு பிரமாதம், இனிமே மெஷின் ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

போன வருடம் நடந்ததை நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டாம். அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தக் கண்காட்சியிலும் ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறையின் ஷட்டரை இறக்கிவிட்டு எங்காவது மாதச் சம்பளத்துக்குப் போய்விடுவேன். அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் உங்களிடம் வருகிறேன். இந்த முறை செலவுத் திட்டம் முழுவதையும் நீங்கள் போட்டுத் தர வேண்டும். போன வருடம் போல இன்னொரு தடவை கையைச் சுட்டுக்கொண்டால் அப்புறம் சுட்டுக்கொள்ள எனக்குக் கை இருக்காது.

ஃபோனிலேயே கேட்டிருப்பேன். ஃபோனில் பேசினால் காற்றோடு போய்விடும், எழுதி அனுப்பு என்று நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதிவிட்டேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் அன்பு மச்சினன்

*

வீடு,
பிப்ரவரி 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் பரவாயில்லை. உன் அக்காவின் தலைவலி உன் கடிதம் வந்த அன்று மட்டும் கொஞ்சம் கூடியது. பல் விழுந்துவிட்டது.

ஞாபகப்படுத்த வேண்டாம் என்கிறாய். ஞாபகப்படுத்தாமல் திட்டம் எப்படிப் போடுவது? போன வருடம் கடைசி வாரத்தில் ஓடிப்போய் ஸ்டால் பிடித்தாய், இரண்டு மடங்கு வாடகை கொடுத்தாய். வருகிறவர்கள் உட்கார வேண்டும் என்று சோபா வாடகைக்கு எடுத்தாய். அந்த வாடகைக்குச் சோபாவையே வாங்கியிருக்கலாம், மூன்று நாளும் அதில் உட்கார்ந்தது நீயும் வெல்டரும்தான். கண்காட்சிக்கு முதல் நாள் அவசரமாகத் துண்டுப் பிரசுரம் அச்சடித்தாய். இரண்டாயிரம் பிரசுரத்திலும் உன் சிரித்த முகம் இருந்தது, ஃபோன் நம்பர் இல்லை.

ஆஸ்பத்திரியில் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவன் நான். காய்ச்சல் வந்த பிறகு மருந்து தேடினால் அதன் விலை என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் வார்டில் நோயாளி வருவதற்கு முன்பே பஞ்சு வந்து காத்திருக்கும்.

ஹால் அலுவலகத்துக்கு எழுதி அவர்களுடைய விதிப் புத்தகத்தை வரவழைத்திருக்கிறேன். தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு தடிமன். படிக்கப் படிக்க எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. அதில் எல்லாவற்றுக்கும் இரண்டு விலை. முன்கூட்டிக் கேட்டால் ஒன்று, வாசலில் வந்து நின்று கேட்டால் ஒன்று. மேசை, விரிப்பு, விளக்கு, சரக்கு தள்ளும் வண்டி, எதை எடுத்தாலும் இதே கதைதான். ஆகவே மூன்று கேள்விக்கு உடனே பதில் எழுது. உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்? மெஷினின் எடை, அகலம் என்ன? மோட்டாருக்கு எத்தனை குதிரைத்திறன், எந்த மாதிரி கரண்ட் இணைப்பு? கரண்டுக்குச் சலுகை விலை ஜூன் கடைசி வரைதான்.

இங்கு வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தான்

*

பட்டறை,
மார்ச் 2

அன்புள்ள அத்தானுக்கு,

மருமகளின் விழுந்த பல்லுக்கு என் வாழ்த்துகள். புதுப் பல் வரும்போது சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கிண்டலை நீக்கிவிட்டு இரண்டு தடவையும், கிண்டலோடு ஒரு தடவையும் படித்தேன். மூன்று ஆள் தாராளமாக நிற்கிற இடம் போதும். மெஷின் ஒரு பெரிய பீரோவின் எடை இருக்கும், ஆனால் அகலத்தை இந்த முறை கதவுக்கு ஏற்ற மாதிரி குறைத்துவிட்டேன். ஸ்டால் மட்டும் நுழைவாசலுக்கு நேர் எதிரே வேண்டும் அத்தான். வாசலில் விளக்கு வளைவு, ஓரத்தில் என் பெட்டிகளையே அடுக்கி ஒரு கோபுரம், மெல்லிசாகப் பாட்டு! கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது.

இன்னொன்று தோன்றியது. துண்டுப் பிரசுரமே வேண்டாம். மடிப்பானில் மடிகிற பெட்டியிலேயே நம் ஃபோன் நம்பரை அச்சடித்துவிட்டால் என்ன? வருகிறவர் கண் முன்னால் பெட்டி மடிந்து விழும், சூடாக எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம். பிரசுரத்தைக் குப்பையில் போடுவார்கள், பெட்டியை யார் போடுவார்கள்? இதை யோசித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மூன்றாவது கேள்விக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

மச்சினன்

*

வீடு,
மார்ச் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அனைவரும் சௌக்கியம். உன் சளி இருமலைப் பற்றி நீ எழுதவில்லை என்றாலும் வெல்டர் சொன்னார். வெந்நீர் குடி.

பெட்டியில் நம்பர் அச்சடிக்கும் யோசனை அருமை. இந்த வார்த்தையை நான் அடிக்கடி எழுதுவதில்லை என்று உனக்குத் தெரியும், பத்திரமாக வைத்துக்கொள். பிரசுரச் செலவு, பரிசுப் பை செலவு இரண்டும் ஒரே அடியில் போயிற்று. அட்டை இப்போது விலை இறங்கியிருக்கிறது, மொத்தமாகச் சொல்லிவிட்டேன்.

விளக்கு வளைவு கிடையாது. பாட்டு கிடையாது. நுழைவாசல் ஸ்டாலின் வாடகையைக் கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். உனக்குப் பின் வரிசையில், சரக்கு இறக்கும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மூலை ஸ்டால் பிடித்திருக்கிறேன். முன்பணமும் கட்டியாயிற்று. மூலை என்பதால் இரண்டு பக்கம் திறப்பு. கதவு பக்கத்தில் என்பதால் மெஷினைத் தள்ளுகிற கூலி பாதி. நம் வீட்டு மடக்கு மேசையும் இரண்டு ஸ்டூலும் உன்னோடு வரும், சோபா வராது. அடுத்த ஸ்டால்காரர் தேன் விற்கிறவர், உங்கள் பக்கத்திலிருந்துதான் வருகிறார். அவரோடு பேசி லாரியைப் பங்கு போட்டுக்கொண்டேன். தங்குவதற்கு ஹாலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அறை, இப்போதே சொன்னதால் சல்லிசாகக் கிடைத்தது.

கேள்வி மூன்று நிலுவையில் இருக்கிறது. மெஷின் எப்படி ஓடுகிறது என்றும் எழுது.

அத்தான்

*

பட்டறை,
மே 9

அன்புள்ள அத்தானுக்கு,

எழுதி நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சளி போய்விட்டது. எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பின் வரிசை என்றதும் முதலில் முகம் தொங்கிப்போனது உண்மை. பிறகு ஹாலின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வரலாம், நல்ல இடம்தான்! மெஷினுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. உடம்பு கருநீலம், ஓரங்கள் மஞ்சள். கண்ணைப் பறிக்கிறது அத்தான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஸ்டாலில் பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். வெல்டர் அண்ணனுக்கு நல்ல சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன், என் செலவில், உங்கள் திட்டத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். விரிப்பு சாம்பல் நிறமா, பச்சையா என்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

மெஷின் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவு அழகான மெஷின் அந்த ஹாலில் வேறு ஒன்று இருக்காது.

மச்சினன்

*

வீடு,
ஜூன் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமே விழைகிறேன். விரிப்பு சாம்பல் நிறம், அழுக்கு தெரியாது.

கரண்ட் இணைப்புக்குச் சலுகை விலை இன்றோடு முடிந்தது. நான் விண்ணப்பம் அனுப்பவில்லை. கட்டணத்தைப் பார்த்தேன், வயர் இழுக்க ஒன்று, ஃபியூஸ் பெட்டி மாட்ட ஒன்று, அவர்கள் எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சைத் தொட ஒன்று. மொத்தத் திட்டத்தில் இதுதான் பெரிய ஓட்டை. அடைத்துவிட்டேன். ஆகவே உன் ஸ்டாலில் கரண்ட் கிடையாது. ஹாலின் பொது வெளிச்சம் போதும். மெஷினுக்கு ஒரு கைப்பிடி போட்டு, கையால் சுற்றுகிற மாதிரி செய்துகொண்டு வா.

இரண்டு மாதம் இருக்கிறது. உன்னால் முடியும்.

அத்தான்

*

பட்டறை,
ஜூலை 5

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. கரண்ட் இல்லாத ஸ்டாலா? மற்றவர்கள் எல்லாம் ஜெகஜ்ஜோதியாக நிற்பார்கள், நான் மட்டும் மாவு அரைக்கிறவன் மாதிரி கையால் சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கஞ்சத்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு!

மச்சினன்

*

வீடு,
ஜூலை 12

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு எல்லாரும் நலம், உன் கடிதத்தைத் தவிர. அதை அவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். அவர் உனக்கு எழுதமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். நான் சொன்னதாக அவருக்குத் தெரிய வேண்டாம்.

உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்கிறாயே, பிப்ரவரியிலிருந்து உன்னை என்னதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்? மே மாதம் உன் கடிதம் வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். "மெஷின் ஓடியிருந்தா உன் தம்பி அதைப் பத்தியே நாலு பக்கம் எழுதியிருப்பான். இவன் பெயிண்டைப் பத்தி எழுதுறான்னா, அது ஓடலைன்னு அர்த்தம்." அதற்கு அப்புறமும் ஜூன் முடியும் வரை நீ சொல்வாய் என்று காத்துக்கொண்டிருந்தார். நீ வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வெல்டர் அண்ணனுக்கு ஃபோன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மோட்டாரை விடுங்க, கையால மெதுவா சுத்தினா பெட்டி ஒழுங்கா விழுதா?" அவர் விழுது என்றாராம். மோட்டார் வேகத்தில்தான் நாலாவது மடிப்பில் அட்டை கிழிகிறதாம். மறுநாள்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். செலவு மிச்சம் என்பதும் பொய் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் உன்னை நோகடிக்காமல் சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே வழி செலவுக் கணக்குதான்.

இப்போது என் விஷயம். எனக்குப் பயமாக இருக்கிறதடா. மாடி வீட்டு மேனேஜர் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். நல்ல சம்பளம், நல்ல இடம். நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். அவர் பெரிய மனதோடு, கண்காட்சி முடிகிற அன்று சாயங்காலம் அஞ்சு மணி வரை உனக்காக அந்த இடத்தைப் பிடித்து வைக்கிறேன் என்றிருக்கிறார். அதற்குள் ஃபோன் பண்ணி வருகிறேன் என்று சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆர்டர் கிடைத்தால் வேண்டாம். கிடைக்காவிட்டால் மறக்காமல் ஃபோன் பண்ணு. எனக்குக் கொடுத்த வாக்கு அது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பட்டறை,
ஆகஸ்ட் 4

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் முழங்காலை மிகவும் மரியாதையாக விசாரிக்கிறேன். அக்காவையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். போன கடிதத்தில் மை கொஞ்சம் சூடாகிவிட்டது, பெரிய மனது பண்ணி மறந்துவிடுங்கள்.

கைப்பிடி போட்டாயிற்று! முதலில் போட்டது சின்னது, சுற்றினால் தோள்பட்டை கழன்றது. இரண்டாவதை நீளமாக்கி, ஓரத்தில் ஒரு கனமான சக்கரத்தையும் சேர்த்தேன். ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும், அதுவாகவே அடுத்த சுற்றுக்கு வருகிறது. நேற்று மாலை நானும் வெல்டர் அண்ணனும் மாறி மாறிச் சுற்றினோம். அத்தான், ஒரு பெட்டிகூடக் கிழியவில்லை! பட்டறை முழுக்கப் பெட்டி. கடைசியில் நாங்கள் இருவரும் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்தோம். அவர் என்னைப் பார்த்து, "இப்பதான்யா மெஷினு பேருக்கு ஏத்த மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கரண்ட் செலவை மிச்சப்படுத்தியது நல்ல முடிவுதான். வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

வேலை விஷயமாக அக்கா எழுதியிருந்தாள். அஞ்சு மணி, ஞாபகம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மச்சினன்

*

வீடு,
செப்டம்பர் 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் உன் மரியாதையை ஏற்றுக்கொண்டது. எல்லாரும் நலம்.

கடைசிச் செய்திகள். நீயும் வெல்டரும் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். முதல் நாள் காலையில் எல்லாரும் ஒரே கதவில் முட்டிக்கொள்வார்கள், தள்ளுவண்டிக்காரர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். சாமான் கொண்டுவருகிற காலி டப்பாக்களை ஸ்டாலில் வைக்கக்கூடாது, அவர்கள் அறையில் வைத்தால் அதற்கும் வாடகை. அதனால் மேசை, ஸ்டூல் எல்லாவற்றையும் துணியில் சுற்றி எடுத்துப்போ, மெஷினுக்கு அடியிலேயே துணியைச் செருகிவிடலாம். டீ உள்ளே குடிக்காதே, வெளியே பாதி விலை.

கடைசி நாள் மூன்று மணிக்குக் கண்காட்சி முடியும். எல்லாரும் நாலு மணிக்கே லாரி வேண்டும் என்று அடித்துக்கொள்வார்கள். உனக்கும் தேன்காரருக்கும் எட்டு மணி லாரி சொல்லியிருக்கிறேன், பாதி வாடகை. அதுவரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நானும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருப்பேன். நன்றாகப் பேசு, அவசரப்படாதே.

அத்தான்

*

பட்டறை,
செப்டம்பர் 22

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இப்போதுதான் லாரியிலிருந்து மெஷினை இறக்கினோம். வெல்டர் அண்ணன் அட்டைக் கட்டின் மேல் படுத்துத் தூங்குகிறார், எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதைக் கடைசியில் விசாரிக்கிறேன். ஃபோன் பண்ணாமல் எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதுவும் கடைசியில்தான்.

முதல் இரண்டு நாளும் கூட்டமான கூட்டம்! வருகிறவர்கள் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள், பெட்டி விழுந்ததும் கைதட்டினார்கள். அந்தப் பெட்டியிலேயே மற்ற ஸ்டால்களில் கொடுத்த பேனா, மிட்டாய், காகிதம் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நடந்தார்கள். முதல் நாள் மதியத்துக்குள் ஹால் முழுக்க என் ஃபோன் நம்பர் நடமாடிக்கொண்டிருந்தது அத்தான்! ஆனால் ஆர்டர் என்று ஒன்றுகூட விழவில்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். "மோட்டார் கிடையாதா? நிமிஷத்துக்கு எத்தனை பெட்டி?" என்று கேட்டார்கள். சொன்னதும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மதியமும் அதே கதைதான். மூன்று மணிக்கு மணி அடித்தது. வாய் நிறையப் பாராட்டு, கை நிறைய வெறுமை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போது உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. எட்டு மணி வரை இந்த மூலையில் உட்கார்ந்து, தோற்றுப்போனதை ஆற அமர வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று. நாலு மணிக்கு ஸ்டால்களுக்கான கரண்டை எல்லாம் நிறுத்தினார்கள். மேனேஜருக்கு வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன். தேன்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "தம்பி, பாட்டில் நிறைய மிச்சமாயிடுச்சு, டப்பா எல்லாத்தையும் முதல் நாளே குப்பைக்காரங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஒரு இருபது பெட்டி போட்டுக் கொடேன்" என்றார். ஃபோனை வெல்டர் அண்ணனிடம் கொடுத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தேன்.

இரண்டு வரிசை தள்ளிச் சோப்பு விற்கிற அம்மா சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார். "எனக்கும் கொடுப்பீங்களா? சோப்பை எல்லாம் மூட்டை கட்டிட்டு நிக்கிறேன்." அவருக்குப் பின்னால் மெழுகுவத்திக்காரர். அவருக்குப் பின்னால் பொம்மைக்காரர். அத்தான், அந்த ஹாலில் இருந்த ஒருவரிடமும் ஒரு டப்பா இல்லை! காலி டப்பா வைக்க வாடகை கேட்கிறார்கள் என்று எல்லாரும் முதல் நாளே தூக்கிப் போட்டுவிட்டார்கள். கரண்டும் போய்விட்டது, மற்ற எந்த மெஷினும் அசையாது. ஓடிக்கொண்டிருந்தது நம் மடிப்பான் மட்டும்தான். என் ஸ்டால் முன்னால் வரிசை நின்றது!

சோப்பு அம்மா தன் முறை வந்ததும் பெட்டியை வாங்காமல் மெஷினையே சுற்றிச் சுற்றி வந்தார். "மூணு நாளா இந்தப் பெட்டியை எல்லாரு கையிலயும் பாக்குறேன். ஸ்டாலை விட்டு நகர முடியல, எங்க செய்யறாங்கன்னே தெரியல. இதுக்குக் கரண்டே வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாம்மா" என்றேன்.

"எங்க வீட்டுக் கொல்லையில வெச்சு நானே சுத்தலாமா?"

"இந்தாங்க, இப்பவே சுத்துங்க" என்று கைப்பிடியை அவரிடம் கொடுத்தேன். பத்துப் பெட்டி மடித்தார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "எனக்கு ஒண்ணு. என் தங்கச்சிக்கு ஒண்ணு. முன்பணம் எவ்வளவு?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாக நான் கடை பார்க்க வந்தவர்களுக்கு விற்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மெஷின் தேவைப்பட்டவர்கள் எல்லாம் கடை போட்டவர்கள்! வீட்டிலும் சின்னக் கொட்டகையிலும் செய்து, கையால் மடித்துக் கட்டுகிறவர்கள். அவர்கள் ஸ்டாலை விட்டு நகர முடிந்ததே அந்தக் கடைசி நாலு மணி நேரத்தில்தான். நாலு மணி லாரியில் ஏறியிருந்தால் அவர்களில் ஒருவரையும் நான் பார்த்திருக்க மாட்டேன். மெழுகுவத்திக்காரருக்கு ஒன்று, பொம்மைக்காரருக்கு இரண்டு, மசாலா விற்கிற அண்ணன் தம்பிகள் இருவருக்கும் சண்டை வராமல் ஆளுக்கு ஒன்று, தேன்காரர் தன் ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து மூன்று. எட்டு மணிக்கு லாரி வந்து ஹாரன் அடித்தபோது பத்து மெஷினுக்கு முன்பணம் வாங்கியிருந்தேன். அடுத்த ஆறு மாதத்துக்கு மூச்சுவிட நேரமில்லை அத்தான்!

இப்போது அந்தக் காரணம். லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அஞ்சு மணி ஞாபகம் வந்தது. மேனேஜருக்கு நான் ஃபோன் பண்ணவே இல்லை. வரவில்லை என்றாவது சொல்லியிருக்க வேண்டும், நமக்காக இடம் பிடித்து வைத்த மனிதர். அக்காவுக்கு மாடியில் அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஃபோன் பண்ணினால் முதலில் அந்தப் பேச்சுத்தான் வரும் என்று பயந்துகொண்டு எழுதுகிறேன். நீங்களே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

எல்லாரும் நலமா? முழங்கால்? தலைவலி? பல்?

உங்கள் மச்சினன்

*

வீடு,
செப்டம்பர் 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் நலம், உன் கடிதம் வந்த இந்த நிமிஷத்திலிருந்து. இத்தனை நாளும் மறுபடி ஃபோன் பண்ணாமல், நீயே எழுதுவாய் என்று காத்திருந்தோம். உன் அக்கா அதைச் சத்தமாக இரண்டு தடவை படித்தாள், பத்து மெஷின் என்று வருகிற இடத்தை மட்டும் மூன்றாவது தடவையும். உன் மருமகள் புதுப் பல் தெரியச் சிரிக்கிறாள், எதற்கு என்று அவளுக்குத் தெரியாது.

மேனேஜரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அன்றைக்கே சொல்லியாயிற்று.

அஞ்சேகாலுக்கு அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "உங்க மச்சான்கிட்டருந்து ஃபோன் வரலையே, அடுத்த ஆள் காத்திருக்கான், என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். உன் அக்கா வெளுத்துப்போய்விட்டாள். அவர் முன்னாலேயே உனக்கு ஃபோன் போட்டேன். எடுத்தது நீ இல்லை, வெல்டர். யார், என்ன என்றுகூடக் கேட்கவில்லை. "அவரு பெட்டி மடிச்சிட்டு இருக்காரு, அப்புறம் கூப்பிடுங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அந்த ஒரு நொடியில் பின்னால் சக்கரம் சுற்றுகிற சத்தமும், எனக்கு, எனக்கு என்று ஏதோ கூட்டம் கேட்கிற சத்தமும் காதில் விழுந்தன. அவ்வளவுதான். ஆர்டர் கிடைத்ததா இல்லையா என்று அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

உன் அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், வருவான் என்று சொல்லுங்கள் என்பது போல. நான் மேனேஜரிடம், "அந்த வேலையை அடுத்தவருக்கே கொடுத்துடுங்க சார். என் மச்சான் வரமாட்டான்" என்றேன்.

"அவரே அப்படிச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லை சார், நான் சொல்றேன்" என்றேன்.

அத்தான்